ஓரியண்டலிச ஓவியங்களில் காபிக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைப்பாகை கட்டிய ஆட்கள் பாய் விரித்த திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் சின்னஞ்சிறு காபிக் கோப்பை, வாயில் ஓர் ஆள் உயரத்துக்குப் புகைக்குழாய், பின்னால் மரச் சல்லடை ஜன்னல் வழியே விழும் வெயில். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த இஸ்தான்புல், கெய்ரோ காபிக் கடைகள் இன்றைக்கும் காலண்டர்களிலும் உணவகச் சுவர்களிலும் தொங்குகின்றன. அந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஓரியண்டலிச ஓவியம் என்று எதைச் சொல்கிறார்கள்?

துருக்கி, சிரியா, எகிப்து, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் வாழ்க்கையை ஐரோப்பியர் வரைந்த ஓவியங்களை. தமிழில் கீழைத்தேய ஓவியம் என்றும் எழுதுகிறார்கள். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு இந்த மோகம் சூடு பிடித்தது. 1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைப் பிடித்தது, நீராவிக் கப்பல்கள் வந்தன, பயணம் எளிதானது. இந்த ஓவியர்களுக்கென்று பொதுவான பாணி எதுவும் கிடையாது. என்ன வரைந்தார்கள் என்பதை வைத்துத்தான் இவர்களை ஒரே கூட்டமாகச் சேர்க்கிறோம்.

இத்தனை ஓவியர்கள் ஏன் காபிக் கடையைத் தேடிப் போனார்கள்?

முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது: உள்ளே விட்டார்கள். வீட்டின் பெண்கள் பகுதிக்குள் அந்நிய ஆண் நுழைய முடியாது. மசூதிக்குள் உட்கார்ந்து படம் போடுவதும் எளிதல்ல. காபிக் கடைக்கு அந்தத் தடையெல்லாம் இல்லை. சில காசு கொடுத்தால் யாரும் மணிக்கணக்கில் உட்காரலாம். எதிரே இருப்பவர்களும் அதிகம் அசையாமல் புகைத்துக்கொண்டிருப்பார்கள். ஓவியருக்கு இதைவிட என்ன வேண்டும்? சம்பளம் கேட்காத மாடல்கள்.

இரண்டாவது காரணம் விற்பனை. பாரிஸிலோ லண்டனிலோ ஓவியம் வாங்குகிறவருக்குக் கம்பளம், பித்தளைப் பாத்திரம், வண்ண உடை, ஆயுதம் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் கிடைத்தன. போர்க்காட்சியில் ரத்தம் இருக்கும், அந்தப்புரக் காட்சியில் நிர்வாணம் இருக்கும். காபிக் கடைப் படத்தைக் குடும்பத்தோடு உட்காரும் கூடத்திலேயே மாட்டலாம்.

காபிக் கடைகள் அங்கே எப்போது தொடங்கின?

ஓவியர்கள் வருவதற்கு 300 ஆண்டுகள் முன்பே. யேமனில் சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண்விழிக்கக் குடித்த பானம், 1511 வாக்கில் மெக்காவில் தடை போடும் அளவுக்குப் பரவியிருந்தது. அன்று மெக்காவில் அதிகாரியாக இருந்த காயிர் பேக் போட்ட அந்தத் தடை நிலைக்கவில்லை. இஸ்தான்புல் கதையை வரலாற்றாசிரியர் இப்ராஹிம் பெச்செவி எழுதிவைத்திருக்கிறார்: 1550களின் நடுவில் அலெப்போவிலிருந்து ஹகம் என்பவரும் டமாஸ்கஸிலிருந்து ஷம்ஸ் என்பவரும் வந்து தஹ்தகலே பகுதியில் ஆளுக்கொரு கடை திறந்தார்கள். ஷம்ஸ் மூன்றே வருடத்தில் 5,000 பொற்காசு லாபத்தோடு ஊர் திரும்பினாராம். அந்தக் கடைகளில் சிலர் புத்தகம் படிப்பார்கள், சிலர் சதுரங்கமும் தாயக்கட்டை உருட்டும் தவ்லாவும் ஆடுவார்கள், சிலர் புதிதாக எழுதிய கவிதையைக் கொண்டுவந்து காட்டுவார்கள் என்றும் பெச்செவி சொல்கிறார்.

1633இல் இஸ்தான்புல்லில் ஏற்பட்ட பெரும் தீவிபத்துக்குப் பிறகு துருக்கியிலிருந்து சிரியா, எகிப்து வரை ஆண்ட ஒட்டோமான் பேரரசின் சுல்தான் நான்காம் முராத் காபிக் கடைகளை மூடச் சொன்னார். புகையிலைக்கும் தடை. தீ ஒரு சாக்கு. கூட்டம் கூடிப் பேசுவதுதான் அரசின் உண்மையான தலைவலி. பிறகு கடைகள் திரும்பவும் வந்துவிட்டன.

19ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவில் காபிக் கடை நிஜத்தில் எப்படி இருந்தது?

இதற்கு நல்ல சாட்சி எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர். 1820களிலும் 1830களிலும் கெய்ரோவில் அரபு உடையில் வாழ்ந்து, அரபி பேசி, பார்த்ததையெல்லாம் குறித்துக்கொண்டு 1836இல் நூலாக வெளியிட்டவர். கெய்ரோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காபிக் கடைகள் இருந்ததாக எழுதுகிறார்.

அவர் சொல்லும் கடை சின்னது. தெருவைப் பார்த்த முகப்பு வளைவு வளைவாக அமைந்த திறந்த மரவேலை. வாசலை விட்டுவிட்டு முகப்பு நெடுக இரண்டு மூன்று அடி உயரத்தில் கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய திண்ணை, மேலே பாய். உள்ளேயும் இரண்டு மூன்று பக்கம் அதே மாதிரித் திண்ணை. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு வெளித் திண்ணைதான் பிடிக்கும். கூட்டம் மாலையிலும் இரவிலும். வருகிறவர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்களும் சிறு வியாபாரிகளும். அவரவர் புகைக்குழாயையும் புகையிலையையும் அவரவரே கொண்டுவருவார்கள். கடைக்காரர் இரண்டு மூன்று ஹூக்காக்கள் வைத்திருப்பார்.

விலையையும் லேன் விடவில்லை. ஒரு கோப்பை ஐந்து ஃபத்தா என்ற சிறு காசு. மூன்று நான்கு கோப்பை பிடிக்கும் சிறு கெண்டி பத்து ஃபத்தா. நாற்பது ஃபத்தா சேர்ந்தால் ஒரு பியாஸ்டர். நாலு பேராகப் போனால் லாபம். தனியாகப் போனால் நஷ்டம். காபி கொதிக்கக் கொதிக்க, கெட்டியாக, பாலும் சர்க்கரையும் இல்லாமல். கும்பகோணம் டிகிரி காபிக்காரர்கள் முதல் மடக்கிலேயே எழுந்து ஓடிவிடுவார்கள். கோப்பைக்குக் கைப்பிடி கிடையாது. சூடு தாங்க ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் உட்காரவைத்துத் தருவார்கள்.

லேன் தரும் கடைக்கும் ஓவியங்களில் வரும் கடைக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: லேனின் கடையில் காசு கைமாறுகிறது. ஓவியத்தில் யாரும் காசு கொடுப்பதை அநேகமாகப் பார்க்கவே முடியாது.

இஸ்தான்புல் கடைகளும் அப்படித்தானா?

கொஞ்சம் வேறு. நடுத்தரமான கடை என்றால் ஒரு மூலையில் காபி அடுப்பு, அதைச் சுற்றிக் கெண்டிகளும் கோப்பைகளும் அடுக்கிய மாடம், சுவரோரம் மெத்தை போட்ட உயர்ந்த இருக்கைகள். நாவிதர் கடையும் காபிக் கடையும் ஒன்றாகவே இருப்பதும் உண்டு. ஒருவர் சவரம் செய்துகொள்ள, காத்திருப்பவர்கள் காபி குடிப்பார்கள். சில நாவிதர்கள் பல்லும் பிடுங்கினார்கள், அதே அறையில்.

பெரிய கடைகள் மண்டபம் போல இருந்தன. பிற்காலச் சுல்தான் மூன்றாம் செலிமின் சகோதரி ஹதிஜேவிடம் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் அன்டுவான் இக்னாஸ் மெல்லிங், 1819இல் வெளிவந்த தம் இஸ்தான்புல் காட்சித் தொகுப்பில், தொப்ஹானே சதுக்கத்துக் காபிக் கடையின் உட்புறத்தை வரைந்திருக்கிறார். கட்டடக்காரர் கண் என்பதால் தூணும் கூரையும் அளவாக வந்திருக்கின்றன. ஆட்களின் முகத்தைவிடக் கட்டடத்தைத் தெரிந்துகொள்ளப் பார்க்க வேண்டிய படம் அது.

படங்களில் எல்லோரும் பேசாமல் மயங்கிக் கிடக்கிறார்களே. உண்மையிலேயே அவ்வளவு சோம்பலான இடமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காபிக் கடை பேச்சுக்கான இடம். செய்தி, வதந்தி, வம்பு, வியாபார பேரம், அரசாங்கத்தைத் திட்டுவது எல்லாம் அங்கேதான். செய்தித்தாள் வராத காலத்தில் ஊரின் காதும் வாயும் அதுவே. அதனால்தான் அரசுகள் அதைப் பார்த்துப் பயந்தன. ஜானிசரிகள் எனப்படும் காலாட்படையினர் இஸ்தான்புல்லில் சொந்தமாகக் காபிக் கடைகள் நடத்தினார்கள். வாசலில் தங்கள் படைப்பிரிவின் சின்னத்தை மாட்டியிருப்பார்கள். கலகத்துக்கான பேச்சு அங்கே தொடங்கும். 1826இல் இரண்டாம் மஹ்மூத் சுல்தான் ஜானிசரிப் படையை ஒழித்தபோது அந்தக் காபிக் கடைகளுக்கும் சேர்த்தே பூட்டு விழுந்தது.

அதற்குப் பிந்தைய சாட்சியம் இன்னும் சுவையானது. 1840 முதல் 1845 வரையிலான உளவு அறிக்கைகள் ஒட்டோமான் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் படித்து ஆராய்ந்தவர் ஜெங்கிஸ் கிர்லி என்ற வரலாற்றாசிரியர். அரசு நியமித்த ஆட்கள் காபிக் கடைகளிலும் நாவிதர் கடைகளிலும் உட்கார்ந்து, யார், எங்கே, என்ன பேசினார் என்று பேச்சு வழக்கிலேயே எழுதிக் கொடுத்தார்கள். வரி, எகிப்தின் ஆளுநர் முகமது அலியோடு சுல்தானுக்கு இருந்த சண்டை, ஐரோப்பிய அரசுகளின் நோக்கம் என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. பேசியவர்களைப் பிடித்து உள்ளே போடுவது நோக்கமல்ல, ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்வதே நோக்கம் என்கிறார் கிர்லி.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். ஓவியர் அமதேயோ ப்ரெத்ஸியோசி இஸ்தான்புல்லுக்கு வந்தது 1842இல். ஆங்கிலேய ஓவியர் ஜான் ஃபிரெடரிக் லூயிஸ் இஸ்தான்புல் வழியாகக் கெய்ரோ போய்ச் சேர்ந்தது 1841இல். ஓவியர் ஸ்கெட்ச் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அதே ஆண்டுகளில், அதே மாதிரிக் கடைகளில், இன்னொருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உளவாளிக்கு மொழி தெரியும். அவர் அறிக்கையில் ஒரே சத்தம். ஓவியர்களில் பலருக்கு மொழி தெரியாது, தெரிந்தாலும் கேட்டதை வரைய முடியாது. அவர்கள் படத்தில் ஒரே அமைதி. அந்த அமைதியைப் பாரிஸில் பார்த்தவர் "கிழக்கத்தியர் சோம்பேறிகள்" என்று முடிவு கட்டினார். நாள் முழுதும் தோல் பதனிட்டவரும் படகு தள்ளியவரும் மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்ததுதான் அது என்று சட்டகம் சொல்வதில்லை.

ப்ரெத்ஸியோசி யார்? அவர் படத்தை ஏன் பலரும் நம்பகமானது என்கிறார்கள்?

மால்டாவின் பிரபுக் குடும்பத்தில் 1816இல் பிறந்தவர். சட்டம் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். மகன் ஓவியத்தைப் பிடித்துக்கொண்டு இஸ்தான்புல் போனார். போனவர் திரும்பவே இல்லை. நாற்பது வருடம் அங்கேயே குடும்பமாக வாழ்ந்து, 1882இல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தார்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 1854ஆம் ஆண்டு இஸ்தான்புல் காபிக் கடை நீர்வண்ண ஓவியம்தான் இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது. ஒரே அறைக்குள் பல இனத்தவர், பல தொழில் செய்பவர்கள். உடையைப் பார்த்தே ஆளை இன்னார் என்று அடையாளம் சொல்லிவிடலாம். காபி அடுப்பு வெறும் அலங்காரமாக இல்லாமல் வேலை நடக்கிற இடமாக இருக்கிறது. ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருக்கிறார்கள். பேச்சு காதில் விழாவிட்டாலும், நடந்துகொண்டிருப்பது தெரிகிறது.

அதற்காக அவரைச் சந்நியாசியாக்க வேண்டாம். அவரும் வியாபாரிதான். இஸ்தான்புல்லுக்கு வரும் பயணிகள் நினைவுப் பொருளாக வாங்கிப் போவதற்கென்றே வரைந்தார்; 1858இல் பாரிஸில் கல்லச்சுத் தொகுப்பாகவும் வெளியிட்டார். பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரே 1869இல் அவரிடம் படங்கள் வாங்கினார். பல இனத்தவரை ஒரே அறையில் கூட்டிவைத்தது ஓரளவு அந்த வாடிக்கையாளர்களுக்காகவும்தான்: ஒரு படம் வாங்கினால் பத்து உடை பார்க்கலாம். ஆனாலும் நாற்பது வருடம் ஒரே ஊரில் காபி குடித்தவரின் கைக்கும், ஒரு பருவம் வந்துபோனவரின் கைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

ஜெரோமின் ஓவியங்கள் புகைப்படம் போலவே இருக்கின்றன. அவை உண்மைக் காட்சிகள்தானே?

பிரெஞ்சு ஓவியர் ஜான்-லியோன் ஜெரோம் (1824–1904) எகிப்துக்கு முதலில் போனது 1856இல். பிறகும் பலமுறை கிழக்கே போனார். ஸ்கெட்ச்கள், உடைகள், ஆயுதங்கள், பாத்திரங்கள் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். படங்கள் பிறந்தது பாரிஸ் ஸ்டூடியோவில், காசுக்கு உட்கார்ந்த மாடல்களை வைத்து. ஒவ்வொரு பொருளும் நிஜம். அவற்றைச் சேர்த்துவைத்த விதம் அவருடையது. தூரிகைத் தடமே தெரியாத அந்த வழவழப்புதான் நம்மை ஏமாற்றுகிறது.

லண்டன் வாலஸ் தொகுப்பில் உள்ள 1859ஆம் ஆண்டுப் படத்தில் இருவர் டிராஃப்ட்ஸ் என்ற பலகைக் காய் ஆட்டம் ஆட, மூன்றாமவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்னப் படம், அழகான படம். ஆட்டம் பார்க்கிறவனின் பொறுமை அதில் அப்படியே வந்திருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது வேறு ரகம்: கெய்ரோ காபிக் கடையில் ஆயுதம் தரித்தவர்கள் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார்கள். அருங்காட்சியகம் அதற்குத் தரும் காலம் "1884 அல்லது அதற்கு முன்".

யார் இந்த ஆட்கள்? அர்னாவுத் எனப்படும் அல்பேனிய வீரர்கள். முகமது அலி எகிப்தில் ஆட்சியைப் பிடித்தது இவர்களை வைத்துத்தான். ஆனால் 1820களிலேயே அவர் விவசாயக் குடும்பங்களிலிருந்து ஆள்பிடித்துப் புதுப்படை கட்டத் தொடங்கிவிட்டார். இன்னொன்றும் உண்டு: 1882இல் பிரிட்டிஷ் கடற்படை அலெக்ஸாந்திரியாவைப் பீரங்கியால் தாக்கியது, சில வாரங்களில் எகிப்து அவர்கள் கைக்குப் போனது. 1884இல் இந்தப் படத்தின் முன் நின்ற ஐரோப்பியருக்கு, அடுப்பில் ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கும் இந்த முரட்டு ஆட்கள் பயமுறுத்தாத வேடிக்கையாகத் தெரிந்திருப்பார்கள்.

ஜெரோமுக்கு வியாபாரமும் நன்றாக அமைந்தது. 1863இல் அவர் மணந்தது கூப்பில் என்ற பெரிய ஓவிய வணிகரின் மகளை. மாமனார் நிறுவனம் மருமகன் ஓவியங்களின் அச்சுப் படிகளை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. காபிக் கடை என்றதும் நம் மனதில் எழும் காட்சியில் பாதி அந்த அச்சுப் படிகளின் வேலை.

படத்தில் இருக்கும் காலத்தைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலில் தலை. 1829இல் இரண்டாம் மஹ்மூத் போட்ட சட்டப்படி ஒட்டோமான் அதிகாரிகள் தலைப்பாகையை விட்டுவிட்டுத் துருக்கித் தொப்பி எனும் சிவப்புக் குல்லாவை அணிய வேண்டும். அது மெல்ல ஊரெல்லாம் பரவியது. நூற்றாண்டின் இறுதியில் வரைந்த இஸ்தான்புல் படத்தில் எல்லாத் தலையிலும் வகைவகையான தலைப்பாகை இருந்தால், ஓவியர் தன் காலத்தை வரையவில்லை.

அடுத்து வாய். நீளமான மரக்குழாய், அம்பர் வாய், களிமண் கிண்ணம் கொண்ட அந்தப் புகைக்குழாய் நூற்றாண்டின் முதல் பாதிக்கு உரியது. 1853–56 கிரிமியப் போரை ஒட்டி சிகரெட் பரவியது. தெருவில் சிகரெட், ஓவியத்தில் 1890கள் வரை நீளக்குழாய்.

கடைசியாக, உட்காரும் இடம். எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் 1860களின் இறுதியில் கெய்ரோவின் அஸ்பகியா பகுதியைப் பாரிஸ் மாதிரி மாற்றினார். 1869இல் ஓப்பரா அரங்கமும் வந்தது. நாற்காலி மேசை போட்ட, ஐரோப்பிய பாணிக் காபி விடுதிகள் அங்கே முளைத்தன. பல ஓவியர்கள் தங்கிய ஓட்டல்களிலிருந்து நடந்துபோகும் தூரம். அவர்கள் அதைத் தாண்டிப் போய்ப் பழைய தெருவில் திண்ணையைத் தேடினார்கள்.

செய்தித்தாளும் இதே கதைதான். ஒட்டோமான் அரசிதழ் 1831இல் தொடங்கியது. 1850களிலிருந்து இஸ்தான்புல்லில் பத்திரிகைகள் போட்டுவைத்து, படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் வாசிப்புக் காபிக் கடைகள் வந்தன. நாளிதழ் விரித்த காபிக் கடையைப் பாரிஸ் கண்காட்சிக்காக வரைந்தால் யார் வாங்குவார்கள்?

பெண்கள் எங்கே?

காபிக் கடை ஆண்களின் இடம். பெண்கள் வீடுகளிலும் பொதுக் குளியல் கூடங்களிலும் கூடினார்கள். காபி அங்கேயும் உண்டு. லூயிஸ் 1857இல் வரைந்த, காபித் தட்டு ஏந்திய பெண்ணின் படம் (மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது) வீட்டுக்குள் நடப்பது. அதையும் அவர் இங்கிலாந்து திரும்பிய பிறகுதான் வரைந்தார்.

அப்படியானால் கடையில் ஆடும் பெண்? ஜெரோமின் 1863ஆம் ஆண்டு ஓவியத்தில், ஆயுதம் தரித்த சிப்பாய்கள் உட்கார்ந்து பார்க்க, வயிறு தெரியும் உடையில் ஒரு பெண் ஆடுகிறாள். 1864 பாரிஸ் சலோன் கண்காட்சியில் பெரிய பேச்சைக் கிளப்பிய படம். இப்போது ஒஹாயோவின் டேட்டன் கலைக்கூடத்தில் உள்ளது. ஆனால் 1834லேயே முகமது அலி பொது இடத்தில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றி, எஸ்னா போன்ற தெற்கத்திய ஊர்களுக்கு அனுப்பிவிட்டார். பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேர் போன்ற பயணிகள் ஆட்டம் பார்க்க நைல் நதியில் தெற்கே போக வேண்டியிருந்தது அதனால்தான். பாரிஸ் பார்வையாளர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

கதை சொல்லிகள் உண்மையிலேயே இருந்தார்களா?

இருந்தார்கள், நிறையவே. கெய்ரோவில், வீரக் கதை நாயகர்களில் அபூ ஸைத் கதையைப் பாடுகிறவர்கள் சுமார் 50 பேர், சுல்தான் பைபர்ஸ் கதையைச் சொல்கிறவர்கள் சுமார் 30 பேர், அந்தர் கதைக்காரர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று லேன் கணக்குத் தருகிறார். அபூ ஸைத் பாடகர் திண்ணைமேல் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒற்றைத் தந்தி ரபாபை இழுத்துக்கொண்டே பாடுவார். கடைக்காரர் கொஞ்சம் கொடுப்பார், கேட்பவர்கள் கொஞ்சம் கொடுப்பார்கள். ரமலான் இரவுகளில் கூட்டம் நெரியும். இஸ்தான்புல்லில் ஒரே ஆள் பத்துக் குரலில் பேசி நடிக்கும் மெத்தாஹ்களும், கராகோஸ் என்ற நிழல்பாவைக் கூத்தும் காபிக் கடைகளை நம்பிப் பிழைத்தன. கராகோஸில் அரசியல் கிண்டலும் ஆபாசமும் தாராளம்.

தாமஸ் ஆலம் என்ற ஆங்கிலேயரின் படங்களோடு 1838இல் வந்த இஸ்தான்புல் நூலில் மெத்தாஹ் ஒருவரைப் பார்க்கலாம். பிரெஞ்சு ஓவியர் ஹொராஸ் வெர்னே 1833இல் வரைந்த அரபுக் கதைசொல்லி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பிரான்ஸ் பிடித்து மூன்றே வருடமான அல்ஜீரியா அது. போரின் சுவடு படத்தில் எங்கும் இல்லை.

அந்தக் கோப்பையில் இருந்த காபி எந்த ஊர்க் காபி?

யேமன் காபி என்றுதான் ஓவியம் பார்ப்பவர் நினைப்பார். ஆனால் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கரீபியத் தீவுகளின் பிரெஞ்சுத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த காபி மார்செய் துறைமுகம் வழியாக ஒட்டோமான் ஊர்களுக்கு வந்துகொண்டிருந்தது. விலை குறைவு. பிறகு பிரேசில் காபியும் வந்தது. ஆக, "மாறாத கிழக்கு" என்று வரைந்த கடையில் ஏழைகள் குடித்தது அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சரக்காகவும் இருக்கலாம்.

உள்ளூர் ஓவியர்கள் காபிக் கடையை வரையவில்லையா?

ஐரோப்பியருக்கு முன்பே வரைந்தார்கள். டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒட்டோமான் சிற்றோவியம் ஒன்று இருக்கிறது. ஒரு காபிக் கடை முழுவதும் அதில்: மூலையில் காபி காய்ச்சுகிறார்கள், கோப்பைகள் சுற்றுகின்றன, ஒரு பக்கம் வாசிப்பு, இன்னொரு பக்கம் ஆட்டம், இசை. நிழல் இல்லை, ஆழம் இல்லை, மயக்கம் இல்லை. எல்லோரும் ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். பெச்செவியின் வரிகளுக்கு வரைந்த படம் என்றே தோன்றும்.

19ஆம் நூற்றாண்டில் முக்கியமானவர் ஒஸ்மான் ஹம்தி பே (1842–1910). பாரிஸில் ஓவியம் கற்றவர். 1881இலிருந்து இஸ்தான்புல் பேரரசு அருங்காட்சியகத்தின் இயக்குநர். அங்கே நுண்கலைப் பள்ளியையும் தொடங்கியவர். 1879இல் அவர் வரைந்த காபி அடுப்பு ஓவியத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்க, பெண் காபி கொண்டுவருகிறாள். ஜெரோமின் அதே வழவழப்பு, அதே ஓடுகள், அதே துணிகள். ஆனால் அவர் ஆட்களுக்குத் தன்மானம் இருக்கிறது என்பார்கள் சிலர். பாரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டே சொந்த ஊரைப் பார்த்தார் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது.

எட்வர்ட் சயீத் இவற்றையெல்லாம் தவறு என்று சொல்லிவிட்டாரே. பிறகு ஏன் பார்க்க வேண்டும்?

கிழக்கை ஐரோப்பா பார்த்த விதத்தை விமர்சித்த அறிஞர் சயீத் 1978இல் எழுதிய ‘ஓரியண்டலிசம்’ நூல் பெரும்பாலும் எழுத்துகளைப் பற்றியது. ஓவியங்களைப் பற்றி அதிகம் பேசாது. அட்டையில் ஜெரோமின் பாம்பாட்டிப் படம் இருந்ததால் பலரும் அது ஓவிய விமர்சனம் என்று நினைத்துவிட்டார்கள். ஓவியங்களை நேராக விசாரித்தவர் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நொக்லின், 1983 கட்டுரை ஒன்றில். காலம் நகராதது போலக் காட்டுவது, ஐரோப்பியர் அங்கே இல்லாதது போல மறைப்பது, அளவுக்கு மீறிய நுணுக்கத்தால் பொய்யை உண்மையாக்குவது ஆகியவை அவர் வைத்த குற்றச்சாட்டுகள். காபிக் கடை ஓவியங்களுக்கு மூன்றும் பொருந்தும்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ஓவியர்கள் அந்தக் கலைப்பொருட்களையும் கட்டடங்களையும் உண்மையாகவே மதித்தார்கள் என்கிறார்கள். இன்று இந்த ஓவியங்களை ஆர்வமாக வாங்குகிறவர்களில் துருக்கிக்காரர்களும் வளைகுடா நாட்டினரும் நிறைய. தங்கள் தாத்தா காலத்துத் துணியையும் பாத்திரத்தையும் அவற்றில் தேடுகிறார்கள். சரி, என் கணக்கு இது: கெண்டிக்கும் கோப்பைக்கும் ஜெரோமை நம்பலாம், ஆட்களைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் லேனிடமும் உளவு அறிக்கைகளிடமும் போக வேண்டும்.

புகைப்படம் வந்த பிறகு நிலைமை மாறியதா?

அவ்வளவாக மாறவில்லை. இஸ்தான்புல்லில் அப்துல்லா சகோதரர்கள், பஸ்கால் செபா, பெய்ரூட்டில் போன்ஃபிஸ் குடும்பம் என்று பெரிய ஸ்டூடியோக்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காபிக் கடைப் படங்கள் விற்றன. பலவற்றில் ஆட்களை உட்காரவைத்து, கையில் ஹூக்காவைக் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். புகைப்படக்காரர்கள் ஓவியத்தைப் பார்த்துக் காட்சி அமைத்தார்கள். லுட்விக் டாய்ச் போன்ற ஓவியர்கள் புகைப்படத்தைப் பார்த்துப் பாரிஸில் வரைந்தார்கள்.

இந்த வகை எப்போது முடிந்தது?

ஓவியமாக என்றால், முதல் உலகப் போரை ஒட்டி. 1912–13இல் பிரெஞ்சு நவீன ஓவியர் மத்தீஸ் மொராக்கோவின் தாஞ்சியரில் ஒரு காபிக் கடையை வரைந்தார். முதலில் செருப்பு வரிசை, புகைக்குழாய் எல்லாம் போட்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக அழித்தார். மிஞ்சியது சாம்பல் பச்சை வெளியில் முகமில்லாத சில உருவங்கள், ஒரு தங்கமீன் கிண்ணம், ஒரு பூ. ஜெரோம் மூட்டை மூட்டையாகச் சேர்த்துவைத்த பொருட்களில் ஒன்றுகூட இல்லை. ஆனால் பேச்சு இன்னும் கேட்கவில்லை.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

லண்டனுக்குப் போகிறவர்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தையும் (ப்ரெத்ஸியோசி) வாலஸ் தொகுப்பையும் (ஜெரோம், வெர்னே) ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் பொது நுழைவு இலவசம். நீர்வண்ண ஓவியங்கள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எப்போதும் சுவரில் இருக்காது. போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தீஸின் படம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில். இஸ்தான்புல்லில் 2005இல் திறந்த பெரா அருங்காட்சியகத்தில் ஓரியண்டலிச ஓவியங்களுக்கென்று தனித் தொகுப்பும், குதாஹ்யா பீங்கான் காபிக் கோப்பைகளும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமானால் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலிருந்து காப்புரிமை முடிந்த ஓவியங்களின் பெரிய அளவுப் படங்களை இலவசமாகத் தருகிறது. குண்டு வார்க்கும் படத்தை இறக்கிக்கொண்டு, பெரிதாக்கி, ஒவ்வொரு தலையாகப் பாருங்கள்.